சஹனில் ஒரு ஆள் குறையுது

1

போன வாரம் எங்கள் அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். யாருக்கும் பிறந்த நாள் இல்லை. நான் கட்டிய ஒரு சாப்பாட்டு அறைக்கு ஒரு வயது ஆகிறது. அந்த அறைக்குச் செங்கல் கிடையாது, சிமெண்டு கிடையாது, கதவு கிடையாது. கேக் மட்டும் நிஜம். ஆளுக்கு ஒரு துண்டு வாங்கிக்கொண்டு அவரவர் மேசைக்குப் போய், திரையைப் பார்த்தபடி தனித்தனியாகத் தின்றார்கள். மனிதர்களை ஒன்றாக உட்காரவைப்பதே எங்கள் பணி என்று சுவரில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறோம். அதற்கு நேர் கீழேதான் நானும் என் துண்டைத் தனியாகத் தின்றேன்.

தின்று முடிப்பதற்குள் மார்த்தா வந்தார். என் மேலாளர். நல்ல மனுஷி, சிரித்துக்கொண்டே வேலை வாங்குவார். அந்த அறையில் ஒரு கோளாறு ஆரம்பத்திலிருந்தே சரிசெய்யப்படாமல் கிடக்கிறது, இப்போதாவது முடித்துவிடலாமா என்றார். கோளாறு இதுதான்: அங்கே எவ்வளவு சாப்பிட்டாலும் சோறு தீர்வதில்லை. ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடித்துவிடக்கூடிய வேலை. நான் முடியாது என்றேன். ஏன் என்றார். அது பெரிய கதை என்றேன். அவருக்கு அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது. ஆகவே நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

எந்த நாட்டில் இருக்கிறேன் என்று சொல்ல மாட்டேன். என் கோப்பு இன்னும் இங்குள்ள குடியேற்ற அலுவலகத்தின் மேசையில் இருக்கிறது. மத்தியானம் மூன்று மணிக்கு இருட்டிவிடும் நாடு என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

2

ஊரில் என் தொழிலை யாரும் சரியாகப் புரிந்துகொண்டதில்லை. கண்ணில் மாட்டுகிற கண்ணாடி செய்கிற கம்பெனி என்று அண்ணி யாரிடமோ சொல்லப்போக, கூத்தாநல்லூரில் பாதிப் பேர் நான் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பதாக நினைக்கிறார்கள். கடைசியாகப் போயிருந்தபோது கடைத்தெருவில் ஒரு பெரியவர் என்னை நிறுத்தி, கண்ணை விரித்துக் காட்டி, புரை விழுந்திருக்கிறதா பார் என்றார். பார்த்தேன். விழுந்திருந்தது.

உண்மையில் நான் செய்வது இது. தலையில் மாட்டிக்கொள்கிற ஒரு கருவி இருக்கிறது. மாட்டினால் கண் முன்னால் வேறோர் இடம் தெரியும். வி.ஆர். என்கிறார்கள். ஒருவர் பிரேசிலில் மாட்டுவார், ஒருவர் கொரியாவில் மாட்டுவார், இருவரும் பொம்மை உருவத்தில் ஒரே அறையில் நிற்பார்கள். இவர் கையைத் தூக்கினால் பொம்மையும் தூக்கும். வாய்விட்டுப் பேசினால் எதிரே இருப்பவர் காதில் விழும். சுட்டுக்கொல்லும் விளையாட்டுகளை வேறு குழுக்கள் பார்த்துக்கொள்கின்றன. சுட்டு முடித்தவர்கள் சும்மா கூடியிருப்பதற்கான அறைகளைக் கட்டுவது என் வேலை.

நாலு பேரை ஓர் அறையில் விட்டால் பேச்சு தானாக வந்துவிடும் என்றுதான் நாங்களும் நினைத்தோம். வந்தவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் கையாட்டினார்கள். பிறகு மேசையில் இருந்த கோப்பைகளை எடுத்து அடுத்தவர் மண்டையில் எறிந்தார்கள். பிறகு போய்விட்டார்கள். எத்தனை தடவை சோதித்தாலும் இதே கதை. மார்த்தா எங்களைக் கூட்டி ஆளுக்கொரு யோசனை கேட்டார். ஒருவர் நடன மேடை என்றார். ஒருவர் கடற்கரையில் தீ மூட்டி உட்காரலாம் என்றார். என் முறை வந்தபோது, யோசிக்காமல், சஹன் என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சஹன் என்பது பெரிய வட்டத் தட்டு. கல்யாணத்தில் அதைச் சுற்றி நாலு பேர் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். நடுவில் சோறு, மேலே கறி. அவரவர் முன்னால் இருப்பதை அவரவர் சாப்பிட வேண்டும். நல்ல துண்டாக வந்தால் அடுத்தவர் பக்கம் தள்ள வேண்டும். அவர் திருப்பித் தள்ளுவார். இப்படித் தள்ளித் தள்ளிக் கடைசியில் ஆறிப்போனதைத்தான் யாராவது தின்பார்கள். நாலு பேரும் முடிக்காமல் ஒருவரும் எழக்கூடாது. சீக்கிரம் முடித்தவன் பருக்கை பொறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பாதியில் எழுந்தால் மற்ற மூன்று பேரையும் முகத்தில் அடித்த மாதிரி.

மூன்று பேர்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால் சோறு வராது. பந்தி விசாரிக்கிறவர் வாசலைப் பார்த்து, "ஒரு ஆள் குறையுது" என்று குரல் கொடுப்பார். அந்த நேரத்தில் வாசலில் யார் நின்றாலும் வந்து உட்கார வேண்டும். பசியில்லை என்று சொல்லக்கூடாது. உள்ளே இருப்பவனோடு பேச்சுவார்த்தை இல்லை என்றும் சொல்லக்கூடாது. ஜமாத்தில் தீராத எத்தனையோ சண்டைகள் இந்தக் குரலில் தீர்ந்திருக்கின்றன. முகம் தெரியாதவர்களைச் சேர்த்துவைக்கும் இதே காரியத்துக்கு எங்கள் தொழிலில் தனியாக ஒரு குழு சம்பளம் வாங்குகிறது.

மார்த்தாவுக்குப் பிடித்துவிட்டது. நானும் ஆசை ஆசையாகக் கட்டினேன். நாலு பேர் சேர்ந்தால்தான் அறை ஆரம்பிக்கும். ஆள் குறைந்தால் ஒரு குரல் கூப்பிடும். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. முதல் சோதனை முடிந்து குறைகளை வாசித்தால், எல்லாரும் ஒரே குறையைச் சொல்லியிருந்தார்கள்: மூன்று பேருடைய தட்டு வரவில்லை. ஒரே தட்டுதான் தெரிகிறது. பொம்மைகள் குனிந்து தரைக்கு அடியில் எல்லாம் தேடிப் பார்த்தனவாம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. தட்டு அதுதானே, நடுவில் பெரிதாக இருக்கிறதே என்று பதில் எழுதினேன். நாலு பேர் சாப்பிட உட்கார்ந்தால் நாலு தட்டு தேடுவார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

இத்தனைக்கும் நான் தொழில் கற்றதே பங்கு போட்டுத்தான். தொண்ணூறுகளில் ஊர்ப் பையன்கள் எல்லாரும் குவைத்துக்கும் சிங்கப்பூருக்கும் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டிருந்தபோது, நான் திருவாரூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தேன். செருப்பை வெளியே விட வேண்டும். உள்ளே ஏசி. ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். ஒருவன் தட்டுவான், ஒருவன் பார்ப்பான், மூன்றாமவன் அடுத்தது நாம்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பான், நேரம் முடிந்துவிடும். நான் பெரும்பாலும் மூன்றாமவன்.

3

தட்டுப் பிரச்சினையை ஒரு குறிப்பு எழுதிச் சமாளித்தேன். அடுத்தது சமாளிக்க முடியாததாக வந்தது.

எங்கள் அறைகளில் ஒவ்வொரு பொம்மையைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பாதுகாப்பு வட்டம் உண்டு. முன்பின் தெரியாத யாராவது கையெட்டும் தூரத்துக்குள் வந்தால், வந்தவர் மங்கி மறைந்துவிடுவார். காரணமாகத்தான் வைத்திருக்கிறோம். பொம்மை உருவம் கிடைத்ததும் சில ஆண்பிள்ளைகள் செய்கிற வேலை சொல்லும்படியாக இருக்காது. ஆனால் சஹனில் நாலு கையும் ஒரே தட்டுக்கு வந்தாக வேண்டும். கை வந்தது, மறைந்தது. நாலு முண்டங்கள் வட்டமாக உட்கார்ந்து சோற்றை முறைத்துக்கொண்டிருந்தன.

இந்த அறைக்கு மட்டும் வட்டத்தை எடுத்துவிடலாம் என்று வீட்டில் சொன்னேன். என் மகள் நஸ்ரீன் காதில் விழுந்துவிட்டது. அவளுக்குப் பதினாறு வயது. தமிழ் அவளுக்கு ஏதாவது வேண்டும்போது மட்டும் வரும். மழை பெய்கிறது என்று சொல்ல மாட்டாள், விழுகிறது என்பாள். பெரியவர் சின்னவர் எல்லாரும் அவளுக்கு 'நீ'தான். நானும் என் மனைவி சபீனாவும் திருத்தித் திருத்தி ஓய்ந்துவிட்டோம். எட்டு வயதில் ஊருக்கு வந்தபோது சஹனில் உட்காரவைத்தோம். எனக்குத் தனித் தட்டு கொடு என்று அழுதாள். என் அண்ணன் சிரித்துக்கொண்டே எழுந்துபோய்த் தட்டு எடுத்துவந்து கொடுத்தார். அன்றிலிருந்து அவருக்கு அவள் பெயர் நஸ்ரீன் இல்லை, 'தட்டு கேட்ட புள்ள'.

அந்தத் தட்டு கேட்ட பிள்ளை இப்போது என்னைப் பிடிபிடியென்று பிடித்தாள். சோறு இருக்கிறது என்பதற்காக யாரோ ஒருவன் என் பக்கத்தில் வந்துவிடலாமா, அது என் வட்டம், அதை எடுக்க நீ யார் என்றாள். பாதியில் தமிழ் தீர்ந்து இந்த ஊர் பாஷைக்குப் போய்விட்டாள். கோபத்தில் அவளுக்கு இலக்கணம் நன்றாக வருகிறது. அவள் சொன்னதில் தப்பே இல்லை என்பதுதான் எரிச்சல். அறை அப்படியே நின்றது. மார்த்தா அதைக் கைவிடும் அறைகளின் வரிசையில் சேர்த்துவிட்டார்.

4

அந்தச் சமயத்தில்தான் அண்ணன் மகள் ரைஹானாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது.

அண்ணன் தாவூதுக்கு லெட்சுமாங்குடியில் உரக்கடை. எங்கள் அத்தா, அதாவது அப்பா, குவைத்திலேயே பாதி ஆயுளைக் கழித்தவர். ஆகவே என்னை அடித்தது, பள்ளிக்கூடத்தில் சேர்த்தது, ஃப்ளைட் ஏற்றிவிட்டது எல்லாம் அண்ணன்தான். அத்தா இப்போது இல்லை. எங்கள் வீட்டுப் பழக்கத்தில், கல்யாணத்தன்று மாப்பிள்ளை உட்காருகிற சஹனில் மாப்பிள்ளை, அவருடைய அத்தா, பெண்ணின் அத்தா, பெண்ணின் சின்னத்தா, அதாவது சித்தப்பா, என்று நாலு பேர் உட்காருவார்கள். மாப்பிள்ளை முன்னால் முதல் கறித் துண்டை வைப்பது சின்னத்தா. ரைஹானாவுக்கு நான் ஒரே சின்னத்தா.

அந்த வருஷம் பார்த்து எங்கள் கம்பெனி கைமாறியது. முதலாளி மாறினால் இங்கே தங்கி வேலை செய்வதற்கான அனுமதியைப் புதிதாக வாங்க வேண்டும். விண்ணப்பித்தோம். எங்கள் பெயர்கள் அவர்களைத் திணறடித்தன. எனக்குக் குடும்பப் பெயர் என் அத்தா பெயர். சபீனாவுக்கு அவளுடைய அத்தா பெயர். நஸ்ரீனுக்கு என் பெயர். ஒரே வீட்டில் மூன்று குடும்பம் ஒளிந்திருப்பதாக அலுவலகத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நேரில் போய் நின்றேன். ஊரில் கல்யாணம், போய்வரலாமா என்று அவர்கள் பாஷையிலேயே கேட்டேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் மிகவும் கனிவாகப் பதில் சொன்னார். தாராளமாகப் போகலாமாம். திரும்பி வருவதைப் பற்றித்தான் தன்னால் எதுவும் சொல்ல முடியாதாம்.

சபீனாவுக்கு இங்கே வேலை, நஸ்ரீனுக்கு இங்கே படிப்பு. இவர்களை விட்டுவிட்டு நான் மட்டும் வெளியே மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"போனா திரும்ப உள்ள விடமாட்டாங்க போலருக்குண்ணே" என்றேன்.

"ஊருக்கு வர்றதுக்கு எவன்கிட்டடா அனுமதி கேக்குற?"

"வர்றதுக்கு இல்லண்ணே. திரும்பிப் போறதுக்கு."

அவருக்குப் பின்னால் யாரோ உர மூட்டை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப திரும்பிப் போறதுதான் உனக்குப் பெருசு. சரி. உன் எடத்துல வேற எவனையும் உக்கார வைக்க மாட்டேன். மூணு பேரா உக்காருறோம். ஊரு கேக்கட்டும்."

வைத்துவிட்டார். பிறகு நான் அழைத்தால் எடுக்கவில்லை. அண்ணிதான் எடுத்து, குளித்துக்கொண்டிருக்கிறார், கடையில் இருக்கிறார் என்பார். ஒரு மனிதர் அவ்வளவு குளிக்க முடியாது.

கல்யாணத்துக்கு நான் செய்த ஒரே காரியம், ஊருக்குப் போகிற ஒருவரிடம் எங்கள் கம்பெனி ஹெட்செட் ஒன்றைக் கொடுத்துவிட்டது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் நானும் இருந்த மாதிரி இருக்கும் என்று பைத்தியக்காரத்தனமாக நினைத்தேன். மாப்பிள்ளை தலையில் சட்டியைக் கவிழ்த்தால் சம்பந்தி வீட்டார் ஓடிவிடுவார்கள் என்று அண்ணன் சொன்னதாக அண்ணி சொன்னார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. அது பெட்டி பிரிக்காமலே கடைக்குப் போய், யூரியா மூட்டைகளுக்கு மேலே உட்கார்ந்துகொண்டது.

5

நிக்காஹ் முடிந்து அண்ணி வீடியோ அனுப்பினார். அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

மாப்பிள்ளை சஹன். மாப்பிள்ளை, அவர் அத்தா, என் அண்ணன். நாலாவது பக்கம் வெறும் பாய். கை கழுவச் செம்பும் தாம்பாளமும் கொண்டுவந்தார்கள். ஊற்றுகிறவர் வரிசையாக வந்தார். மாப்பிள்ளை கையை நீட்டினார், ஊற்றினார். சம்பந்தி நீட்டினார், ஊற்றினார். அண்ணன் நீட்டினார், ஊற்றினார். ஊற்றி ஊற்றிப் பழகிய மனுஷர், நாலாவது இடத்துக்கும் செம்பைக் கொண்டுபோய்ச் சாய்க்கப் பார்த்தார். நீட்ட அங்கே கை இல்லை. செம்பு அந்தரத்தில் நின்றது. பிறகு நகர்ந்துவிட்டது. அண்ணன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அழுதேன். ஆண்பிள்ளை அழலாமா என்று யோசிக்கிற வயசெல்லாம் தாண்டிவிட்டது. மறுபடி மறுபடி அந்த இடத்தையே ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது நஸ்ரீன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கை நீட்டினால்தான் தண்ணீர் ஊற்றுவார்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். நீட்டாவிட்டால் என்றாள். நீட்டாவிட்டால் அவர் சாப்பிடவில்லை என்று அர்த்தம், யாரும் வற்புறுத்த மாட்டார்கள் என்றேன். அப்படியென்றால் வட்டத்தை எடுக்கவே வேண்டாமே என்றாள்.

துக்கத்திலும் என் தொழில் மூளை விழித்துக்கொண்டது. கை கழுவ நீட்டுகிறவருக்கு மட்டும், கைக்கு மட்டும், அந்தத் தட்டுக்கு மேலே மட்டும் வட்டம் திறக்கட்டும். நீட்டாதவர் வட்டம் அப்படியே இருக்கட்டும். கையை இழுத்துக்கொண்டால் உடனே மூடிக்கொள்ளட்டும். இதை மார்த்தாவிடம் சொன்னேன். ஒரு தடவை நாலு பேர் உட்கார்ந்து காட்டு, நானே வருகிறேன், சரிப்பட்டால் அறை பிழைக்கும் என்றார். கட்டி முடித்தேன். அவசரத்தில் சோறு குறைவதற்கான கணக்கை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டேன். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

மார்த்தா, நான், நஸ்ரீன். மூன்று பேர் ஆயிற்று. நாலாவது ஆளாக வர அலுவலகத்தில் யாரையாவது கூப்பிடலாம் என்றிருந்தேன். நஸ்ரீன் என்னைக் கேட்காமல் போனை எடுத்தாள். பெரியத்தாவுக்குக் குரல் செய்தி அனுப்பினாள். அதில் ஒரே வரிதான் இருந்தது.

"பெரியத்தா, ஒரு ஆள் குறையுது."

6

நாங்கள் மூன்று பேரும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அறையில் உட்கார்ந்திருந்தோம். இங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரம், அங்கே சாயங்கால அஸர் தொழுகை முடிந்து கடை திறந்திருக்கும் நேரம். மார்த்தா கரடி உருவத்தில் வருவார். நஸ்ரீனுக்குப் பச்சைத் தலைமுடி. நான் மட்டும் என்னைப்போலவே ஒரு வழுக்கையோடு வந்திருந்தேன். அறையின் குரல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. வாசலில் யாரும் வரவில்லை. அண்ணன் செய்தியைக் கேட்டாரா என்றுகூடத் தெரியவில்லை. கரடி மணி பார்த்தது.

அப்போது ஒரு உருவம் வந்தது. புதிதாக வருபவர்களுக்கு நாங்கள் கொடுக்கிற இலவச பொம்மை: இருபது வயது, பொன்னிற முடி, மஞ்சள் பனியன், அரைக்கால் சட்டை. யாரோ வழி தவறி வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அந்தப் பொன்முடிப் பையன் தட்டைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், பிறகு குனிந்து, இல்லாத கைலியை இரண்டு கையாலும் தூக்கி மடித்துக் கட்டிக்கொண்டு சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

அண்ணன்தான். யூரியா மூட்டைமேல் கிடந்த பெட்டியைப் பிரித்துவிட்டார். சலாம் சொன்னேன். சலாமுக்குப் பதில் சொல்லாமல் இருக்கக்கூடாது என்பதற்காக மட்டும் பதில் சொன்னார். அவர் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. "பாய், யூரியா வந்துருச்சா?" சம்பா நட்டு மேலுரம் போடுகிற பருவம். பொன்முடிப் பையன் வாசலைப் பார்த்துத் திரும்பி, "நாளைக்கு வாங்க" என்றான்.

செம்பு தானாக மிதந்து வந்தது. ஊற்ற ஒரு ஆள் வைக்கும் அளவுக்கு எங்களுக்கு வசதி இல்லை. மார்த்தா நீட்டினார். நஸ்ரீன் நீட்டினாள். நான் நீட்டினேன். செம்பு அண்ணன் முன்னால் போய் நின்றது. அவர் இரண்டு கையையும் தொடைமேல் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். அவர் பாதுகாப்பு வட்டத்துக்குள் பத்திரமாக இருந்தார். என் கண்ணுக்கு அவர் கை மங்கலாகத்தான் தெரிந்தது. வீடியோவில் பார்த்த அதே செம்பு, அதே மாதிரி அந்தரத்தில் நின்றது. அது நகரக் கூடாதே என்று எனக்குப் பதறியது. கட்டியவன் நான். கொஞ்ச நேரத்தில் அது நகர்ந்துவிடும் என்றும் எனக்குத் தெரியும்.

"பெரியத்தா, கையை நீட்டு" என்றாள் நஸ்ரீன்.

அவரிடம் அப்படிப் பேச ஊரில் ஆள் கிடையாது. அத்தா மௌத்தான பிறகு அவரை நீ என்று சொன்னவர்கள் யாரும் இல்லை. அவர் அவள் பக்கம் திரும்பினார். பொம்மைக்கு முகம் மாறாது. உள்ளே சிரித்தாரா முறைத்தாரா தெரியாது. கையை நீட்டினார். தண்ணீர் விழுந்தது. கை தெளிந்தது.

பிஸ்மி சொல்லிச் சாப்பிட ஆரம்பித்தோம். அதாவது, இல்லாத சோற்றை எடுத்து இல்லாத வாயில் வைத்தோம்.

"உப்பு இல்ல" என்றார் அண்ணன். சலாமை விட்டால், பல வாரங்களுக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

"சரி பண்றேண்ணே" என்றேன்.

"அந்தக் கரடி யாருடா? எடது கையால திங்கிது."

என் மேலாளர் என்றேன். அதற்குமேல் விவரம் சொல்லவில்லை. சோத்தாங்கையைக் கரடிக்கு நஸ்ரீன் காட்டிக்கொடுத்தாள். கரடி பணிவாகக் கை மாற்றிக்கொண்டது.

சாப்பிட்டோம், சாப்பிட்டோம். சாதாரணமாக எங்கள் சோதனைகள் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். அலுத்தவர் எழுந்து போவார். ஆனால் தட்டில் சோறு குறையவே இல்லை. எடுத்த இடம் உடனே நிரம்பியது. அண்ணன் மூத்தவர், மற்றவர்கள் முடிக்காமல் அவர் எழ மாட்டார். அவர் சாப்பிடும்போது நான் எழ முடியாது. ஒரு வாய் வைத்துவிட்டு மரியாதைக்கு வந்தேன் என்று போகலாம் என்றுதான் வந்திருப்பார். சோறு அவரைப் பிடித்து உட்காரவைத்துவிட்டது. கையும் ஓயவில்லை, பேச்சும் இல்லாமல் எவ்வளவு நேரம்தான் இருப்பது?

"உன் பங்கை என்ன பண்ணுனேன்னு கேக்கலியே" என்றார்.

"என்னண்ணே பண்ணுனீங்க?"

"நாலாவது பங்கு அப்படியே கெடந்துச்சு. சம்பந்தி எடுக்க மாட்டேங்குறாரு, மாப்பிள்ளைக்கு வெக்கம். நானே தின்னேன். ரெண்டு நாள் வயிறு சரியில்லாம கெடந்தேன்."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு சொன்னார்.

"கோவம் போயிருச்சுன்னு நெனச்சுக்காதே. இருக்கு."

"இருக்கட்டும்ணே."

"நீ வரணும்னுதாண்டா இருந்துச்சு எனக்கு."

ஹெட்செட்டுக்குள் அழுதால் கண்ணாடியில் பனி படர்ந்துவிடும். பயன்படுத்துபவர் கையேட்டில் அதற்கு ஒரு வழியும் நாங்கள் எழுதவில்லை. மங்கலுக்கு நடுவில், பொன்முடிப் பையன் ஒரு பெரிய கறித் துண்டை எடுத்து என் பக்கம் நகர்த்துவது தெரிந்தது. நான் திருப்பித் தள்ளக் கையைக் கொண்டுபோனேன். துண்டைப் பிடித்த கை அப்படியே உறைந்துபோனது. பிறகு ஆள் முழுவதும் மறைந்துவிட்டார்.

கரண்ட் போய்விட்டது. எங்கே என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கரடி எழுந்திருக்கலாமா என்று கேட்டது. கூடாது என்றாள் நஸ்ரீன். நாலு பேரும் முடிக்கவில்லை என்று இந்த ஊர் பாஷையில் அவளே விளக்கமாகச் சொன்னாள். மார்த்தா திரும்ப உட்கார்ந்தார். மூன்று பேரும் நெடுநேரம் காத்திருந்தோம்.

7

மறுநாள் காலை நான் பஸ்சுக்கு நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. அண்ணியின் போன் இல்லை, அண்ணனுடையது.

"டேய், நேத்து கரண்டு போயிருச்சு" என்றார். "பாதிச் சஹன்ல எந்திரிச்சுப் போன மாதிரி ஆயிப்போச்சு. மூணு பேரை உக்காத்தி வச்சுட்டு வந்துருக்கேன். நல்லாவா இருக்கு? இன்னிக்கு எத்தன மணிக்கு வரணும்?"

வந்தார். அன்றும் சோறு தீரவில்லை. அன்று ஒரு விவசாயி வந்து அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். ஆகவே அடுத்த சனிக்கிழமை வர வேண்டியதாயிற்று. அதற்கடுத்த சனிக்கிழமையும் ஏதோ ஒரு காரணம். இன்வெர்ட்டர் வாங்கிவிட்டார், ஆனால் அப்புறமும் பாட்டரி தீர்கிறது, தொழுகைக்கு நேரமாகிறது, ஒரு தடவைகூடச் சாப்பாடு முறையாக முடியவில்லை. பொன்முடியை மாற்றித் தரட்டுமா என்று கேட்டால், இருக்கட்டும், நல்லாத்தான் இருக்கு என்கிறார். நஸ்ரீன் இன்னும் நீ என்றுதான் சொல்கிறாள். அறையை மார்த்தா கைவிடும் வரிசையிலிருந்து எப்போதோ எடுத்துவிட்டார். என் கோப்பு மட்டும் அதே மேசையில்தான் இருக்கிறது.

கேக் தின்ற அன்று மாலை, சோறு தீராத அந்தக் கோளாறின் பதிவைத் திறந்தேன். சரிசெய்ய இயலாது என்று குறித்தேன். காரணம் கேட்கும் கட்டம் ஒன்று இருக்கிறது. அதை நிரப்பாமல் மூட முடியாது. இந்த ஊர் பாஷையில், எனக்குத் தெரிந்த இலக்கணத்தில், இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று எழுதி மூடினேன்.